ஒதுக்கப்பட்ட ஒரு வண்டியின் வரலாறு



மிதிவண்டி என்றதும் நம் மனக்கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். இரண்டு சக்கரங்கள், உயரமான ஓர் இருக்கை, குனிந்து பிடிக்க ஒரு கைப்பிடி. விடியற்காலை இருட்டில் பால்மரக் காட்டுக்குத் தொழிலாளி ஏறிப் போனதும், பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்குப் போனதும், பட்டணத்துக் கடையிலிருந்து அரிசி மூட்டை லயத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்த வண்டியில்தான். ஆனால் மிதிவண்டிக் குடும்பத்தில் நாம் அதிகம் அறியாத இன்னொரு பிள்ளையும் உண்டு. சாய்வு நாற்காலியில் இருப்பதைப்போல முதுகைச் சாய்த்துக்கொண்டு, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி அது. ஆங்கிலத்தில் 'ரிக்கம்பென்ட்' என்பார்கள். அதிலும் மூன்று சக்கரம் கொண்ட வகை, முதுகு வலியாலும் முழங்கால் தேய்வாலும் சைக்கிளை விட்டுவிட்ட பலரை மறுபடியும் சாலையில் இறக்கிவிட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட வண்டி ஏன் நம் கண்ணில் படுவதில்லை? அதன் விலை ஏன் எட்டாத உயரத்தில் இருக்கிறது? பழைய வண்டி ஒன்று கிடைத்தால் வாங்கலாமா, சாதாரணச் சைக்கிள் கடையில் பழுது பார்க்க முடியுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மிதிவண்டியின் தொடக்கம் ஜெர்மனி நாட்டில். 1817-ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, அதன்மேல் அமர்ந்து, காலால் தரையை உந்தி ஓட்டிக் காட்டினார். அதில் மிதிகட்டை கிடையாது, சங்கிலியும் கிடையாது. 1860-களில் பாரிஸ் நகரில்தான் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. மிதிகட்டை சக்கரத்திலேயே இருந்ததால், சக்கரம் பெரிதானால்தான் வேகம் கூடும். ஆகவே 1870-களில் ஆள் உயரத்துக்கு முன்சக்கரம் வைத்த வண்டிகள் வந்தன. அதன் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்தவர்கள் ஏராளம்.

இந்த ஆபத்துக்கு அஞ்சியவர்களுக்காகத்தான் முச்சக்கர மிதிவண்டி வளர்ந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற தொழில் வல்லுநர் பல முச்சக்கர வண்டிகளை வடிவமைத்தார். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கிவிட்டால் ஒரு சக்கரம் தரையில் இழுபடும். இதைத் தீர்க்க, 1877-இல் ஸ்டார்லி தம் வண்டியில் 'டிஃபரென்ஷியல்' என்னும் பற்சக்கர அமைப்பைப் பொருத்தினார. இன்று லாரியிலும் காரிலும் பின் அச்சில் நாம் காணும் அதே அமைப்புத்தான். 1881-இல் விக்டோரியா மகாராணியாரே ஸ்டார்லியின் முச்சக்கர வண்டிகள் இரண்டை வாங்கினார். அந்தக் காலத்தில் முச்சக்கர வண்டி நோயாளியின் வண்டியாகக் கருதப்படவில்லை. மதிப்புக்குரிய வாகனமாகவே விளங்கியது.

பிறகு நிலைமை மாறியது. 1885-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களோடு, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுதான். மூன்றே ஆண்டுகளில் அதற்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. அந்தத் துணை நம் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டது.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சிறு மகன் ஓட்டியது ஒரு முச்சக்கர வண்டி. கெட்டி டயர் போட்ட அந்த வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்கியது. ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார் டன்லப். குலுக்கல் குறைந்தது, வண்டியும் எளிதாக ஓடியது. 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840-களிலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்து, டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. ஆனாலும் காற்றடைத்த டயரை உலகெங்கும் ஓடச் செய்தது ஒரு சிறுவனின் முச்சக்கர வண்டியில் தொடங்கிய முயற்சிதான்.

டயருக்கு ரப்பர் வேண்டுமே! 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்திருந்தன. பல ஆண்டுகள் அவற்றைப் பொருட்படுத்தியவர் சிலரே. சைக்கிளுக்கும், அதையடுத்து மோட்டார் காருக்கும் டயர் தேவைப்பட்ட பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து அந்தத் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். அவர்கள் மங்கில் சேர்த்த பால்தான் உலகத்துச் சாலைகளில் டயராக ஓடியது. ஆகவே மிதிவண்டியின் வரலாறு நமக்கு அயலார் வீட்டுக் கதையன்று.

இனி, சாய்ந்து மிதிக்கும் வண்டிக்கு வருவோம். அதற்கு உயிர் கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மோஷே. அவருடைய மகன் ஜார்ஜ் சிறுவனாக இருந்தபோது சைக்கிள் கேட்டான். இரு சக்கர வண்டி ஆபத்து என்று தாய் அஞ்சினார். அதனால் தந்தை நான்கு சக்கரத்தில், அமர்ந்து மிதிக்கும் சிறு வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். பையன் அதில் அமர்ந்து மற்றப் பிள்ளைகளின் சைக்கிளையெல்லாம் முந்தினான். அதைக் கண்ட மோஷே, பெரியவர்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்கும் 'வெலோகார்' என்ற வண்டியைச் செய்து விற்றார். கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது. பிறகு அந்த வண்டியின் பாதி போன்ற, இரண்டே சக்கரம் கொண்ட சாய்விருக்கை வண்டியையும் உருவாக்கினார்.

சாய்ந்து அமர்வதால் என்ன பயன்? முதலாவது, உடலின் எடை சிறிய இருக்கையின்மேல் மட்டும் விழாமல் முதுகு முழுவதும் பரவுகிறது. கழுத்தையும் மணிக்கட்டையும் வருத்த வேண்டியதில்லை. இரண்டாவது, காற்றின் எதிர்ப்புக் குறைகிறது. சமதரையில் வேகமாகச் செல்லும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. உடல் தாழ்ந்தும் சாய்ந்தும் இருந்தால் காற்றில் மோதும் பரப்புச் சிறுத்துவிடும்.

இதை நிரூபிக்க மோஷேக்கு ஓர் ஓட்டக்காரர் தேவைப்பட்டார். பிரான்சிஸ் ஃபோர் என்பவர் முன்வந்தார். அவர் முதல்தர வீரர் அல்லர். 1933 ஜூலை 7-ஆம் நாள் பாரிஸ் நகர ஓட்டத்திடலில் சாய்விருக்கை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரம் ஓட்டினார். 1914-இல் ஆஸ்கர் எக் நிலைநாட்டிய 44.247 கிலோமீட்டர் சாதனை ஏறத்தாழ இருபது ஆண்டு யாராலும் தகர்க்கப்படாமல் இருந்தது. அதை ஓர் இரண்டாந்தர வீரர் தகர்த்துவிட்டார்.

வழக்குப் பிறந்தது. வென்றது மனிதனா, வண்டியா? இது மிதிவண்டிதானா? அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் 1934-இல் கூடி விவாதித்தது. கருத்து இரண்டுபட்டது. முடிவில், பந்தயத்துக்குரிய மிதிவண்டியில் இருக்கை எங்கே இருக்க வேண்டும், மிதிகட்டையின் அச்சு எங்கே இருக்க வேண்டும் என்று அளவு வகுத்து ஒரு விதி எழுதினார்கள். சாய்விருக்கை வண்டி அந்த அளவுக்குள் அடங்கவில்லை. பந்தயத்திலிருந்து அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சார்லஸ் மோஷேயும் காலமானார்.

அந்த விதி பந்தயக்காரர்களுக்காக எழுதப்பட்டது. பாதையில் யாரும் சாய்விருக்கை வண்டி ஓட்டக்கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் விளைவு வேறு விதமாக அமைந்தது. பந்தயத்தில் வீரர்கள் எதை ஓட்டுகிறார்களோ அதைத்தான் கடைகள் விற்கும். கடைகள் விற்பதைத்தான் பெரிய ஆலைகள் செய்யும். பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய ஆலைகள் பெரும்பாலும் தொடவில்லை. ஆயிரக்கணக்கில் செய்தால்தானே விலை இறங்கும்? யார் முதலில் வந்தவர் என்ற வழக்குக்காக எழுதிய விதி, பந்தயமே அறியாத முதியவர்க்கும் முதுகு நொந்தவர்க்கும் பயன்பட வேண்டிய வண்டியை எட்டாமல் செய்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காத பிரான்சில் மோஷே குடும்பத்தாரின் வெலோகார் வண்டிகளை மக்கள் நாடினார்கள் என்பது உண்மை. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அந்த நாட்டமும் தணிந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுமலர்ச்சி வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் செஸ்டர் கைல் என்ற பேராசிரியர் 1975-இல் ஒரு போட்டி நடத்தினார். மனித ஆற்றலால் மட்டும் ஓட வேண்டும் என்பதைத் தவிர, வண்டியின் வடிவத்துக்கு அதில் கட்டுப்பாடு இல்லை. அடுத்த ஆண்டு அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. 1980-இல் 'வெக்டர்' என்னும், இருவர் மிதிக்கும் மூடிய முச்சக்கர வண்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைத் தொட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் நாரிச் பகுதியில் மைக் பரோஸ் என்பவர் 'விண்ட்சீட்டா' என்ற சாய்விருக்கை முச்சக்கர வண்டியை உருவாக்கினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளின் வடிவத்துக்கு மூலகாரணரும் இவரே. 1996-இல் ஆண்டி வில்கின்சன் என்பவர் விண்ட்சீட்டா முச்சக்கர வண்டியில் பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரை, 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை, 41 மணி 4 நிமிடம் 22 விநாடியில் கடந்தார். முச்சக்கர வண்டி என்றால் மெல்ல ஊரும் வண்டி என்ற எண்ணம் இதனால் உடைந்தது.

ஆஸ்திரேலியாவில் கிரீன்ஸ்பீடு, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஐ.சி.இ., ஜெர்மனியில் எச்.பி. வெலோடெக்னிக், அமெரிக்காவில் கேட்ரைக், டெர்ராட்ரைக் என்று பல பட்டறைகள் தோன்றின. எல்லாம் சிறிய நிறுவனங்களாகத் தொடங்கியவை. இவற்றின் வண்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முன்னே இரண்டு சக்கரமும் பின்னே ஒன்றும் உள்ளது ஒரு வகை. தவளைக் குஞ்சு போல முன்புறம் அகன்றிருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். முன்னே ஒன்றும் பின்னே இரண்டும் உள்ளது மற்றொரு வகை. முதல் வகை தாழ்வாக இருக்கும். வளைவில் உறுதியாக நிற்கும். இரண்டாம் வகையில் பெரும்பாலும் இருக்கை சற்று உயரம். மூட்டு வலி உள்ளவர்கள் ஏறி இறங்க எளிது.

சிறிய பட்டறை என்பதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. இவர்களால் சக்கரம், சங்கிலி, பிரேக், கியர் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முடியாது. ஆகவே கடையில் கிடைக்கும் சைக்கிள் பாகங்களையே வாங்கிப் பொருத்தினார்கள். முன்சக்கரங்கள் பெரும்பாலும் பையன்கள் ஓட்டும் பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்குரிய 20 அங்குல அளவு. சங்கிலியும் கியரும் சாதாரண மலைச் சைக்கிளுக்குரியவை. சட்டமும், முன்சக்கரங்களைத் திருப்பும் அமைப்பும், இருக்கையுந்தான் புதியவை. அதனால் இந்த வண்டியைப் பார்த்துச் சைக்கிள் கடைக்காரர் மிரள வேண்டியதில்லை. பத்தில் ஏழு எட்டுப் பாகம் அவர் கைக்குப் பழகியதாகவே இருக்கும்.

புதிய வண்டியின் விலை பல ஆயிரம் வெள்ளி. அதனால் இவற்றைப் பலர் பழையதாகவே வாங்குகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது நம் முன்னோர் வாக்கு. வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாய் நடுக் குழாயோடு சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சாயத்தில் முடி போன்ற கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். இரும்புச் சட்டமானால் நல்ல பற்றவைப்புக்காரர் சரிசெய்ய முடியும். அலுமினியச் சட்டமானால், பற்றவைத்த இடத்தில் உலோகம் வலிமை இழந்துவிடும். மீண்டும் வெப்பப் பதம் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, உங்கள் கால் அளவு. மிதிகட்டை பொருத்திய முன் குழாயை நீட்டவும் சுருக்கவும் முடியும். இருக்கையில் நன்றாகச் சாய்ந்து மிதிக்கும்போது, கால் முழுதும் நீளும் நிலையில் முழங்கால் சிறிதே மடிந்திருக்க வேண்டும். குழாயை அதில் உள்ள எல்லைக் குறிக்கு மேல் இழுத்தால்தான் கால் பொருந்துகிறது என்றால் அந்த வண்டி உங்களுக்கு ஏற்றதன்று. குழாயை நீட்டினால் சங்கிலியின் நீளமும் கூட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, முன் இரு சக்கரங்கள். இவை ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். இணை தவறினால் டயர் தரையில் உரசி, சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்து போகும். டயரின் மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சீவினாற்போல இருந்தால் இந்தக் குறை உண்டு என்று அறியலாம். சோதிக்கும் முறை எளிது. வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு டயர்களின் முன்புறத்திலும் அச்சின் உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். பிறகு வண்டியை நேராக முன்னே உருட்டி, அதே குறிகள் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். முன் அளவு பின் அளவுக்குச் சமமாகவோ, 1 அல்லது 2 மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்கலாம். வேறுபாடு அதற்கு மேல் போனால், சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சிறிது திருகி, திரும்ப அளந்து இறுக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை, பொறுமைதான் வேண்டும்.

அந்தக் கம்பியின் நுனியில் உள்ள உருண்டை மூட்டுகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடக்கூடாது. இரு சக்கர வண்டி வளைவில் சாயும், இது சாயாது. ஆகையால் வளைவில் சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் பெரும் பாரம் விழும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, தொய்ந்தவற்றை இறுக்கச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பிரேக். பெரும்பாலான வண்டிகளில் இடக்கைப் பிடி இட முன்சக்கரத்தையும், வலக்கைப் பிடி வல முன்சக்கரத்தையும் நிறுத்தும். ஒன்று அதிகமாகப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றுபோல் பிடிக்கும்படி கேபிளைச் சரிசெய்ய வேண்டும். பிரேக் கட்டைகளில் எண்ணெய் படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, சங்கிலி. மிதிகட்டை முன்னாலும் ஓட்டும் சக்கரம் பின்னாலும் இருப்பதால், சாதாரணச் சைக்கிள் சங்கிலி இரண்டு மூன்றை இணைத்தால்தான் நீளம் போதும். புதுச் சங்கிலியில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது பதினாறில் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். சங்கிலி, பற்சக்கரம், மூன்று டயர், இடையில் சங்கிலியைத் தாங்கும் உருளை எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தால் ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற கதையாகிவிடும். ஆகவே பழுதுச் செலவை முதலில் கணக்கிட்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். விற்பவரிடம் பற்றுச்சீட்டும், சட்டத்தில் பொறித்த எண்ணும் கேட்டு வாங்குவது பின்னாளில் தொல்லையைத் தவிர்க்கும்.

டயரில் நிறைய ரப்பர் மிச்சமிருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் நம்பாதீர்கள். ரப்பர் வெயிலில் காய்ந்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓடும்போது கால் மிதிகட்டையிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே போக, கால் குறுக்குக் குழாயின் அடியில் பின்னே இழுபட்டு எலும்பு முறியக்கூடும். எனவே பாதத்தை மிதிகட்டையோடு பிடித்து வைக்கும் வாரோ, பூட்டுக் காலணியோ கட்டாயம் வேண்டும். வளைவில் வேகத்தைக் குறைத்து, உடலை உட்பக்கம் சாய்க்க வேண்டும். வண்டி தாழ்வானது, லாரி ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரமான கழியில் ஒரு கொடியும், பின்பக்கம் பார்க்கக் கண்ணாடியும், இரவில் விளக்கும் தேவை. முதுகு அறுவை செய்துகொண்டவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மேட்டில் இந்த வண்டி மெதுவாகத்தான் ஏறும். ஆனால் மூன்று சக்கரத்தில் நிற்பதால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழாது. சோர்ந்தால் பிரேக்கைப் பூட்டிவிட்டு அப்படியே சாய்ந்து இளைப்பாறலாம்.

நேயர்களே, ஒரு பொருள் நல்லதா என்பது வேறு; அதற்குச் சந்தையில் இடம் கிடைக்கிறதா என்பது வேறு. 1934-இல் எழுதிய ஒரு விதி இந்த வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. காலப்போக்கில் கடைகளும் அதை மறந்தன. அதைக் காப்பாற்றியவர்கள் பட்டறையில் தனியாக உழைத்தவர்களும், பழைய வண்டியை வாங்கிப் பழுது பார்த்து மீண்டும் ஓடவிட்டவர்களும்தான். ஓடாமல் கிடக்கும் ஒரு வண்டியைச் சீர்செய்து, நடக்கச் சிரமப்படும் ஒருவரை அதில் அமர்த்தினால், வீட்டு வாசலோடு நின்றுவிட்ட அவருடைய உலகம் கடைத்தெரு வரை, கோயில் வரை, உறவினர் வீடு வரை விரியும். உடம்பு தேய உழைத்த பெற்றோர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.